மேசைக்கு ஒரு அட்டை

வேனில் ஏறும் பெண்கள் காலையில் கொண்டு வரும் தண்ணீர்ப் பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே நிறைய நிறையத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதென்ன ஆறு ஓடுகிற ஊரா? ராமநாதபுரம் சீமை. நயினார்கோவில் பக்கத்து ஊர்களில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு லாரி வருகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப் பிடித்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, பாம்பன் பாலத்துக்கு முந்தி இருக்கிற நண்டுக் கம்பெனி வரைக்கும் சுமந்து போய், ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்து முருங்கைக்கு ஊற்றுகிறார்கள் என்றால் எந்த மனுசனுக்குத்தான் கோபம் வராது?

நான் அந்த வேனை ஓட்டுகிறவன். பெயர் காதர் மைதீன், வீடு ராமநாதபுரத்தில். விடியும் முன்னே எழுந்து நயினார்கோவில் பக்கம் போய் ஆளேற்றி, ராமநாதபுரம், உச்சிப்புளி தாண்டி, மண்டபம் அகதி முகாம் வாசலில் இலங்கைப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கம்பெனியில் இறக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் அதே பெண்களைக் கொண்டுபோய் அவரவர் ஊரில் விட வேண்டும். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டே விட்டேன்.

"ஏத்தா, இந்தத் தண்ணியக் குடிச்சா வாயி வெந்தா போகும்? சுமந்துக்கிட்டுப் போறதும் சுமந்துக்கிட்டு வாரதும், என்ன வேண்டுதலா?"

பின்சீட்டிலிருந்து முருகலட்சுமி கத்தினாள். அவள் வாய்த்துடுக்குக்காரி, எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்வாள்.

"வாயி வேகாதுண்ணே, அடிவயிறுதான் வேகும். குடிச்சாப் போகணும். போகணும்னா அட்டை வேணும். அட்டைய நீங்களா தரப் போறீக?"

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனிக்குள் பெரிய ஹால், எப்போதும் குளிர் போட்டு வைத்திருப்பார்கள். அவித்த நண்டு கூடை கூடையாக வந்து மேசையில் கொட்டும். பெண்கள் நின்றபடியே சின்னக் கத்தியால் ஓட்டைக் கழற்றிச் சதையைச் சிதறாமல் எடுக்க வேண்டும். தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கு உறை, மார்பிலிருந்து முழங்கால் வரை ரப்பர் அங்கி, காலுக்குப் பூட்ஸ். ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் இத்தனையையும் அவிழ்க்க வேண்டும். திரும்பி வந்ததும் மருந்துத் தண்ணீரில் கை கால் கழுவி மறுபடி இத்தனையையும் மாட்ட வேண்டும். அதில் வேலை நேரம் வீணாகிறதாம். அதனால் மேசைக்கு ஒரு சிவப்பு அட்டை. கயிறு கோத்த அந்தப் பிளாஸ்டிக் அட்டை சூப்பர்வைசர் கழுத்தில் தொங்கும். அவசரம் வந்தவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சூப்பர்வைசர் கழற்றிக் கொடுத்தால் மாட்டிக்கொண்டு போகலாம். அவள் திரும்பி வரும் வரை அந்த மேசையில் வேறு ஒருத்தி அசையக் கூடாது. வீட்டுக்குத் தூரமானவளும் சரி, வயிறு கலங்கியவளும் சரி, மகளுக்குக் கல்யாணம் முடித்தவளும் சரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் கை தூக்கித்தான் நிற்க வேண்டும்.

இதைக் கண்டுபிடித்த மகராசனுக்கு ரெண்டு சொம்புத் தண்ணீரைப் புகட்டி, என் வேனில் ஏற்றி, நயினார்கோவிலிலிருந்து பாம்பன் வரை எங்கேயும் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அந்த அட்டைகளில் ஒன்று சண்முகவள்ளியின் கழுத்தில் தொங்கியது. சண்முகவள்ளி கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் அவளைத் திட்டும்போது நீங்களும் சேர்ந்துகொண்டு திட்டக் கூடாது. அவளும் மேசையில் நின்று சதை எடுத்தவள்தான். எவளுக்காவது ஓடு குத்திவிட்டால் அவள் பங்கையும் சேர்த்து எடுத்துக் கொடுப்பாள். கருவாட்டுத் துவையல் கொண்டு வந்தால் வேனில் ஆளுக்கு ஒரு உருண்டை, டிரைவருக்கும் சேர்த்து. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் வெள்ளைத் தொப்பியைக் கழற்றச் சொல்லி நீலத் தொப்பியை மாட்டி சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

புருசன் முத்துகிருஷ்ணன் மானாவாரிக்காரன், மிளகாய் போடுவான். இந்த வருசம் பழம் சிவக்கிற நேரத்தில் மழை வந்து எல்லாம் அழுகிப் போனது. எங்கள் ஊர் வானம் கூப்பிட்டால் வராது, வேண்டாமென்றால் வந்து நிற்கும். அவனுக்கு ஒரு தங்கச்சி, சத்யப்பிரியா. தாய் தகப்பன் இல்லை. சண்முகவள்ளி அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது சத்யா மூக்கு ஒழுக நின்ற பிள்ளை. அவளுக்குப் பேன் பார்த்து, சடை பின்னி, பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தது எல்லாம் மதினிதான். அந்தச் சத்யாவும் அதே கம்பெனி, அதே மேசை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மழை கெடுத்த வருசத்தில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த ரெண்டு பெண்களின் சம்பாத்தியத்தில்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். கம்பெனியில் வேலை மந்தம். அப்போது மேனேஜர் வினோத்குமார் ஒரு ஏற்பாடு செய்தார். சூப்பர்வைசர்களுக்கு லீடர்ஷிப் டிரெயினிங்காம், ராமநாதபுரத்தில் ஏசி ஓட்டலில். வினோத்குமார் சின்ன வயசு, கோயம்புத்தூர்ப் பக்கம். யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். டீம் என்ற வார்த்தையைச் சொல்லாமல் அவருக்கு ஒரு பேச்சு முடியாது. டிரெயினிங் முடிந்து கூட்டிக்கொண்டு வரும்போது சண்முகவள்ளி முன்சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள்.

"நல்லாத்தாண்ணே சொன்னாக. கூட வேலை பாக்குறவுக கண்ணப் பாத்துப் பேசணுமாம். பேரு சொல்லிக் கூப்புடணுமாம். அவுக கஷ்டத்தக் காது குடுத்துக் கேக்கணுமாம். உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு இருக்கக் கூடாதாம்."

"ஏன், இத்தன நாளா நீ நம்பர் சொல்லியா கூப்புட்ட?"

"கேலி பண்ணாதீகண்ணே. முக்கியமா பாரபட்சம் கூடாதாம். வேண்டியவுக, வேண்டாதவுகன்னு பாத்தா அங்கனயே தலைமை செத்துப்போச்சாம்."

"அந்த அட்டையப் பத்தி என்ன சொன்னாக?"

"அது கம்பெனி ரூலுண்ணே. அதப் பத்தி யாரும் கேக்கல."

"நீ கேட்டியா?"

"நானா?" என்று சிரித்தாள், நான் ஏதோ விளையாட்டுக்குக் கேட்டது போல.

ஆனி பிறந்தது. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்க, நண்டு வந்து குவிந்தது. மேற்கேயிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி வேனுக்குள் கொட்டியது. கம்பெனியில் மூச்சுவிட நேரம் இல்லை. அட்டையை மாட்டிக்கொண்டு போனவள் சற்றுத் தாமதித்தால் சூப்பர்வைசரே போய்க் கதவைத் தட்டி 'சீக்கிரம் வா' என்று சத்தம் போட வேண்டுமாம். சண்முகவள்ளியும் தட்டினாள். ஹாலின் சுவரில் அப்போது புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள், 'எங்கள் மக்களே எங்கள் பலம்' என்று. பலத்தைக் கக்கூசுக்குள் வைத்துக் கதவைத் தட்டினார்கள்.

ஒரு நாள் காலையில் வேனில் முருகலட்சுமி விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"நமக்கென்னடி, கை கடுக்கத் தூக்கிக்கிட்டு நிக்கணும். மதினி சூப்பர்வைசரா இருந்தா நாத்தனாளுக்கு அட்டை நடந்துல்ல வரும்!"

சிரிப்பு. சத்யாவும் சேர்ந்து சிரித்தாள். கண்ணாடியில் பார்த்தேன், சண்முகவள்ளி சிரிக்கவில்லை. அவள் முகம் இறுகிப் போயிருந்தது.

அன்றிலிருந்து நடந்ததைச் சிவகௌரிதான் எனக்குச் சொன்னாள். அவள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். பி.காம் முடித்துவிட்டு நண்டு உடைக்கிறாள். ஏன் என்று கேட்காதீர்கள், அது வேறு கோபம்.

"காதரண்ணை, சத்யா கை தூக்கினா அக்கா காணாத மாதிரி நிக்கிறா. பிறகு நான் தூக்கினா எனக்குத் தாறா. நான் போயிட்டு வந்து சத்யாட்டக் குடுப்பமெண்டா அதுக்கும் விடுறா இல்லை. அந்தப் பிள்ளை இப்ப கையே தூக்கிறேல்லை. தண்ணியும் குடிக்கிறேல்லை. காலமைச் சாப்பாட்டையும் விட்டிட்டுது."

கம்பெனி வாசலில் சண்முகவள்ளியை நிறுத்திக் கேட்டேன். "ஏத்தா, வீட்டுல சோறு ஊட்டுன கை, அங்கன அட்டை குடுக்க மாட்டேங்குதாமே?"

"சொந்தக்காரிக்குச் சலுகை பண்றான்னு ஒரு வாயி சொல்லிட்டா, நாளைக்கு எவண்ணே என் சொல்லக் கேப்பா? மத்தவுக போயி வந்த பெறகு அவ போகட்டும். அவ நம்ம பிள்ள. பொறுத்துக்கிருவா."

நம்ம பிள்ளை பொறுத்துக்கொள்வாளாம்! எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. சாதி, மதம் பார்க்காமல் எல்லா வீட்டிலும் உண்டு. விசேச வீட்டில் ஊராரையெல்லாம் கை பிடித்து முதல் பந்தியில் உட்கார வைப்போம். நம் வீட்டுப் பிள்ளை பசியோடு வந்து நின்றால், 'நீ நம்ம வீட்டு ஆளு, கடைசியில சாப்பிடு' என்று முதுகில் தட்டி அனுப்புவோம். கடைசிப் பந்தியில் கறியும் இருக்காது, கூட்டும் இருக்காது. ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்திருக்கும் அந்தப் பிள்ளை. அதைப் பார்த்து நாலு பேர் நம்மை மெச்சுவார்கள். அந்த மெச்சலுக்குத்தான் இத்தனையும். பாரபட்சம் கூடாது என்று ஏசி ஓட்டலில் சொல்லிக் கொடுத்ததையும் இந்தப் பந்திப் புத்தியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, தன் கையால் வளர்த்தவளைத் தானே வாட்டினாள் சண்முகவள்ளி. எனக்கு அப்போதே ஓங்கி ஒரு அறை கொடுக்கலாம் போல் இருந்தது.

சத்யா வாய் திறந்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன்காரனிடமும் சொல்லவில்லை. ரோசக்காரி. வேனில் ஜன்னல் ஓரமாகச் சாய்ந்துகொண்டு இடுப்பைப் பிடித்தபடி வருவாள். காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்டால் வெயில் என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்கும் முன் கம்பெனியிலிருந்து ஆள் ஓடி வந்து வேனை எடுக்கச் சொன்னார்கள். சத்யா மேசையிலேயே வாந்தி எடுத்து மயங்கி விழுந்துவிட்டாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் மேசையில் இருந்த சதையைத்தான் தூக்கி அப்புறப்படுத்தினார்களாம், அப்புறம்தான் பிள்ளையை. உடம்பு அனலாகக் கொதித்தது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. சண்முகவள்ளி அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு, "சத்யா, கண்ணத் தொறடி, இங்கன பாருடி" என்று ராமநாதபுரம் வரை அழுதுகொண்டே வந்தாள். நான் வேனை மிதித்தேன். பேசினால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார். "கிட்னி வரைக்கும் கிருமி ஏறியிருக்கு. இன்னும் தாமதிச்சிருந்தா உயிருக்கே ஆபத்து. எத்தனை நாளாம்மா அடக்கி வச்ச? ஏன் தண்ணி குடிக்கல?"

சத்யா படுத்தபடியே கையைத் தூக்கி மதினியின் கழுத்தைக் காட்டினாள். வந்த அவசரத்தில் சண்முகவள்ளி அட்டையைக் கழற்ற மறந்திருந்தாள்.

"அந்தா கெடக்குல்ல, அதக் கேளுங்க டாக்டர்."

அதற்கப்புறம் சத்யா அண்ணன் கொடுத்தால் குடித்தாள், நர்சு கொடுத்தால் குடித்தாள். மதினி டம்ளரை நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கஞ்சி வைத்துக்கொண்டு வந்தால் தூக்குச்சட்டி மூடி திறக்காமல் அப்படியே இருக்கும்.

மறுநாள் நான் பழம் வாங்கிக்கொண்டு போனபோது வராந்தாவில் புருசனும் பெண்டாட்டியும் நின்றுகொண்டிருந்தார்கள். முத்துகிருஷ்ணன் சத்தம் போடாத ஆள். அன்றைக்கு அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"தாயில்லாப் பிள்ளையின்னு ஒன் கையில குடுத்தேன் வள்ளி. நீ அதுக்குத் தாயா இருந்தங்கிறதுனாலதான் இப்ப எனக்கு ஆத்திரம் அடங்கல. அடுத்தவ செஞ்சிருந்தா நாலு வசவோட போயிருக்கும்."

"வையுங்க. அடிக்கக்கூடச் செய்யுங்க. பேசாம மட்டும் இருக்காதீக."

"வஞ்சு என்ன செய்ய? நாளைக்கு ஒன் வேலையும் போச்சுன்னா அடுப்புல எத வைக்க? அதையும் நாந்தான் நெனக்க வேண்டியிருக்கு. மானங்கெட்ட பொழப்பு."

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. வினோத்குமார். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது. சத்யாவின் வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், இதை வெளியே பெரிதாக்க வேண்டாம் என்றார். திங்கள்கிழமை வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வருகிறார்கள், மக்களை மதிக்கும் சிறந்த தலைவி என்று சண்முகவள்ளியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம், மேடையில் பேச வேண்டும் என்றார். "டிரெயினிங்ல கத்துக்கிட்டதை அப்படியே மனசுல இருந்து சொல்லுங்க, அது போதும். ஹால் இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்."

போனை வைத்துவிட்டுச் சண்முகவள்ளி நேராக உள்ளே போனாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து சத்யாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புதான்டி. பெரிய தப்பு. என்னய மன்னிச்சிரு."

சத்யா காலை இழுத்துக்கொண்டாள். குரல் ஈனமாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெறித்து விழுந்தது.

"நான் ஒன்கிட்டத் தனியாவா கேட்டேன் மதினி? எல்லாரும் பாக்கத்தான் கையத் தூக்குனேன். எல்லாரும் பாக்கத்தான் நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. மறைக்கச் சேலை இல்லாதவ மாதிரி நின்னேன். இங்கன வந்து மூலையில உக்காந்து அழுதா ஆச்சா? அங்கன போயி, எல்லாரும் கேக்கச் சொல்லு."

"சொன்னா வேலை போயிரும்டி. ஒன் கல்யாணம்…"

"என் பேரச் சொல்லித்தான் இதையும் மறைப்பியாக்கும்" என்று சத்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கள்கிழமை காலையில் சண்முகவள்ளி வேனில் ஏறியபோது யாரும் அவளோடு பேசவில்லை. கம்பெனி முற்றத்தில் சாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கூட்டம் காட்ட வேண்டுமென்று டிரைவர்கள், வாட்ச்மேன் எல்லோரையும் கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். கக்கூசுக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் ரெண்டு பூந்தொட்டி வேறு. அட்டைகளை யார் கழுத்திலும் காணவில்லை. உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்களாம். ஒரு வெள்ளைக்காரரும் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். அந்தம்மா எல்லோருக்கும் கை கூப்பி வணக்கம் சொன்னது.

சண்முகவள்ளியை மேடைக்கு அழைத்தார்கள். நீலத் தொப்பியோடு ஏறினாள். மைக்கைப் பிடித்ததும் இடுப்பில் செருகியிருந்த சிவப்பு அட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அல்லாவே, இந்தப் பிள்ளைக்கு நாக்குக் குழறாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நல்ல தலைவின்னு மாலை போடப் போறதாச் சொன்னாக. நான் நல்ல தலைவி இல்ல. இந்த அட்டை இருந்தாத்தான் எங்க மேசையில இருக்குறவுக ஒண்ணுக்குப் போக முடியும். என் நாத்தனா சத்யப்பிரியா கையத் தூக்குனா. நான் குடுக்கல. ஒரு நாளு இல்ல, தெனமும். நம்ம பிள்ள, பொறுத்துக்கிருவான்னு நெனச்சேன். ஊரு என்னய நல்லவன்னு சொல்லணும்னு நெனச்சேன். இப்ப அவ கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில கெடக்கா. அட்டையச் செஞ்சது கம்பெனி. மூஞ்சியத் திருப்புனது நானு. சத்யா, நீ கேட்டது நியாயம். இங்கன நிக்கிற ஒவ்வொருத்தரும் கை தூக்கிக் கேட்டது நியாயம். கேக்க விட்டதே தப்பு."

வினோத்குமார் எழுந்து போய் மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. இங்கிலீசில் கடகடவென்று ஏதோ சொன்னார். வெள்ளைக்காரர் ரெண்டு பேரும் முகம் மலரக் கை தட்டினார்கள். அந்தம்மா எழுந்து வந்து சண்முகவள்ளியின் கையைப் பிடித்துக் குலுக்கி, மாலையைப் போட்டுவிட்டது.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சிவகௌரி பல்லைக் கடித்தாள். "என்ன சொன்னவர் தெரியுமோ காதரண்ணை? அக்கா எல்லாரையும் தன்ர குடும்பமா நினைக்கிறாவாம். மச்சாள் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையும் கம்பெனிக்காக வந்து நிக்கிறாவாம். பச்சைப் பொய்!"

மேடையில் சண்முகவள்ளி மாலையோடு திகைத்து நின்றாள். இத்தனையைச் சொன்ன பிறகும் ஏன் கை தட்டுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். சிவகௌரி எழுந்து நின்று கத்தினாள்.

"அக்கா, அவர் மாத்திச் சொல்லிப்போட்டார்! நீங்கள் சொன்னது ஒண்டும் அவையளுக்குப் போகேல்லை!"

சண்முகவள்ளி வினோத்குமாரை ஒரு பார்வை பார்த்தாள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைத் திருகித் திறந்து, அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க மொத்தத்தையும் குடித்தாள். படியிறங்கி முற்றத்தைக் கடந்து, கக்கூசு வாசலில் அந்தப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை. நின்றாள்.

முதலில் எழுந்தது முருகலட்சுமி. என்ன நினைத்தாளோ, மூக்கைச் சிந்திவிட்டுப் போய்ச் சண்முகவள்ளிக்குப் பின்னால் நின்றாள். அப்புறம் சிவகௌரி. அப்புறம் அந்த மேசைக்காரிகள் எல்லோரும். அப்புறம் பக்கத்து மேசை. கோசம் இல்லை, கூச்சல் இல்லை. வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக முற்றத்தைச் சுற்றி, சாமியானாவுக்குள் நுழைந்து, விருந்தாளிகளின் நாற்காலியை உரசிக்கொண்டு நின்றன.

வினோத்குமார் ஓடினார். "என்னங்க இது? எல்லாரும் இப்படி ஒரே நேரத்துல… ஒவ்வொருத்தரா போங்க!"

"ஒவ்வொருத்தராத்தான சார் போறோம், வரிசையப் பாருங்க" என்றாள் முருகலட்சுமி.

"எல்லாருக்குமா அவசரம்?"

"தடைக்காலம் முடிஞ்சதுலருந்தே அவசரம் சார். இன்னைக்குத்தான் கேக்குறீக."

ஒருத்தி உள்ளே போய் வெளியே வந்தாள். அடுத்தவள் போனாள். சண்முகவள்ளி முதல் ஆளாக நின்றவள், ஒவ்வொருத்திக்கும் வழி விட்டுக் கதவோரமாகவே நின்றாள். யாருடைய கதவையும் தட்டவில்லை. உள்ளே ஹாலில் அவித்த நண்டு ஆளில்லாமல் கிடந்தது. வெள்ளைக்கார அம்மா வினோத்குமாரிடம் வரிசையைக் காட்டி என்னவோ கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அது மறுபடி கேட்டது. இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அது எழுந்து வரிசையில் நின்ற சிவகௌரியிடமே வந்தது. சிவகௌரி இங்கிலீசில் பேசினாள். எனக்குப் புரிந்தது 'ரெட் கார்டு' ஒன்றுதான். கேட்கக் கேட்க அந்தம்மாவின் முகம் சிவந்தது. அது திரும்பிப் பார்த்தபோது வினோத்குமார் போனில் யாருடனோ பேசுவது மாதிரி ஒதுங்கிக்கொண்டார்.

சாயங்காலம் சண்முகவள்ளி வேனில் ஏறும்போது தலையில் நீலத் தொப்பி இல்லை. கையில் வெள்ளைத் தொப்பி இருந்தது.

"நாளையிலருந்து மேசையிலயாம்" என்றாள். "வேலைய விட்டு நிறுத்தலாம்னுதான் மேனேஜரு பாத்தாரு. வந்தவுக ஏதோ கேட்டாகளாம், அதுனால விட்டுட்டாரு."

"அட்டை?" என்றேன்.

"இன்னைக்குக் கெடையாதாம். நாளைக்கு என்னன்னு தெரியல."

"நாளைக்குத் தொங்குனா நாளைக்கும் வரிசைதான்" என்று பின்னாலிருந்து முருகலட்சுமி சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏ வள்ளி, அன்னைக்கு நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்டி" என்றாள். சண்முகவள்ளி அவளுடைய பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

உச்சிப்புளி வருவதற்குள் பாட்டிலெல்லாம் காலி. "அண்ணே, வண்டிய நிறுத்துங்க" என்று ஒரே சத்தம். பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். எனக்கு நேரமாகிறது என்று சொல்ல வேண்டியவன்தான். சொல்லவில்லை.

ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வேனை ஓரம் கட்டி, மற்றப் பெண்களை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சண்முகவள்ளியோடு நானும் மேலே போனேன். முத்துகிருஷ்ணன் சோறு வாங்கப் போயிருந்தான். சத்யா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ போனில் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள்.

"கை தட்டுனாகளாமே" என்றாள்.

"ம். பெறகு எல்லாரும் வரிசையில நின்னோம்."

"நீ?"

"நான் கடைசியில போனேன்."

சத்யா அந்த வெள்ளைத் தொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இன்னும் கோவம் போகல மதினி."

"போக வேணாம். வச்சிக்க."

"தண்ணி குடு."

சண்முகவள்ளி அவசரமாக ஊற்றினாள். டம்ளரில் பாதி சிந்தியது. சத்யா வாங்கிக் குடித்தாள். இன்னொரு டம்ளர் கேட்டாள், அதையும் குடித்தாள். சற்று நேரம் கழித்து, "பாத்ரூம் போகணும்" என்றாள்.

சண்முகவள்ளி குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் சத்யாவைத் தாங்கி வராந்தாக் கோடி வரை அடி அடியாக நடத்திப் போனாள். சத்யா உள்ளே போனாள். டியூப் போகும் அளவுக்குக் கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தது. சண்முகவள்ளி வெளியே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

ரொம்ப நேரமாயிற்று. தூக்கிய கை லேசாக ஆடியது. நான் கிட்டே போய் வாங்கிக்கொள்ளவா என்று சாடை காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

உள்ளேயிருந்து சத்யாவின் குரல் கேட்டது. "கை வலிக்குதா மதினி? இந்தா வந்துர்றேன்."

"மெதுவா வாத்தா" என்றாள் சண்முகவள்ளி. "ஒரு அவசரமும் இல்ல. நீ மெதுவா வா."